டார்ச்சுக்குள் இரண்டு செல் அடுக்கும் முன்

மூன்று வருடத்துக்கு முன், பங்குனி மாதம். வலையங்குளத்து மாமா ஒருவர் நீளமான டார்ச் லைட் ஒன்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். "வெளிச்சமே இல்லம்மா. ஆனா பின்னாடி மட்டும் சுடுது" என்றார். சுவிட்சைப் போட்டேன். லைட் மங்கலாகத்தான் எரிந்தது. பத்து எண்ணுவதற்குள் பின்மூடியில் விரல் வைக்க முடியவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து, மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே இருந்த ஸ்பிரிங் சிவந்திருந்தது. கழன்று விழுந்து என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, ஸ்பிரிங்கின் ஒன்றரைச் சுற்றை அச்செடுத்த மாதிரி.

அன்றைக்குச் செல் வெடிக்கவில்லை. ஸ்பிரிங் மெல்லிய கம்பியாக இருந்ததால் சூட்டில் தளர்ந்து படுத்துவிட்டது, தொடர்பு விட்டுப்போனது. கம்பி கொஞ்சம் தடியாக இருந்திருந்தால் மூடியைத் திறந்த என் முகத்துக்கு நேரே என்ன வந்திருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதிலிருந்து, செல் வாங்க வருகிற யாரையும் ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசாமல் அனுப்புவதில்லை. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவனியாபுரத்தில் அப்பா ரேடியோ ரிப்பேர் பார்த்த கடை இது. அவருக்குப் பிறகு நான் பார்க்கிறேன். இப்போது ரேடியோ வருவதில்லை. டார்ச், தலை லைட், மருந்தடிக்கிற ஸ்பிரேயர் இவைதான் வருகின்றன. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மொட்டு விரிவதற்குள் எடுத்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்று, இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குகிற பெண்களின் தலையில் இந்த லித்தியம் செல்தான் எரிகிறது. ராத்திரியில் த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும் நாட்களில் மோட்டார் போடப் போகிறவர் கையிலும் அதுதான்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். நாமெல்லாம் கடையில் விற்கும் ஒன்றரை வோல்ட் செல்லோடு வளர்ந்தவர்கள். டார்ச் மங்கினால் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றுவோம், மற்ற இரண்டை வெயிலில் காய வைத்து மறுபடி போடுவோம். அந்தச் செல் அதிகபட்சம் கசிந்து ஸ்பிரிங்கை அரிக்கும், அவ்வளவுதான். லித்தியம் செல்லில் அதே வேலையைச் செய்தால் தீப்பிடிக்கும். என் கடைக்கு வந்த கெட்ட கேஸ்களில் முக்கால்வாசி இந்தப் பழைய கைப்பழக்கத்தில் வந்தவைதான்.

18650 என்று சொல்கிற செல்லின் பெயரே அதன் அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். பெரும்பாலான செல்களுக்கு 2.5 வோல்ட்தான் கீழ் எல்லை, அதற்கும் கீழே இறக்கக்கூடாது. குழல் டார்ச்சில் ஒன்றின் தலையில் இன்னொன்றை வைத்தால் அது சீரீஸ். வோல்ட் கூடும், இரண்டு செல் 8.4 வோல்ட் ஆகும். ஆனால் கரண்ட் பிரியாது. இதைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: "ரெண்டு செல் போட்டா சுமையை ரெண்டும் பாதிப் பாதி தாங்கும்ல?" இல்லை. 3 ஆம்பியர் போனால் முதல் செல் வழியாகவும் முழு 3 ஆம்பியர், இரண்டாவது வழியாகவும் முழு 3 ஆம்பியர்.

தலை லைட்டின் பின்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பெரும்பாலும் பேரலல். அதில் சுமை பிரியும். ஆனால் முழுதாக ஏறிய செல்லையும் காலிச் செல்லையும் ஒன்றாகச் செருகினால், செருகிய நொடியே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் பாயும். அங்கேயும் சமமானதைத்தான் போட வேண்டும்.

ஜோடி என்றால் ஜோடி

வண்டி மாடு பூட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒன்று திடமாக, ஒன்று நோஞ்சானாகப் பூட்டினால் நோஞ்சான் மாடு படுத்துவிடும், திடமானது அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

செல்லில் நடப்பது இதுதான். ஒன்று 2600 எம்ஏஎச் (ஒரு செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்கிற அளவு) நல்ல செல், இன்னொன்று பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்து எடுத்தது, அதில் 700 கூட மிச்சமில்லை. அரை மணி நேரத்தில் பழையது காலி. நல்லதில் இன்னும் நிறைய இருப்பதால் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. எரிய வேண்டுமென்றால் கரண்ட் அந்தக் காலிச் செல் வழியாகத்தான் போயாக வேண்டும். அது 2.5-ஐத் தாண்டி இறங்கி, சீரோவைத் தாண்டி, பிளஸ் மைனஸ் தலைகீழாக மாறுகிறது. உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. அப்போதே சூடாகிச் சீறினாலும் சீறும். இல்லையென்றால் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த முறை சார்ஜ் போடும்போது கரைந்த செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். ராத்திரி எல்லோரும் தூங்கும்போது சார்ஜரில் தீப்பிடித்தது என்று கேள்விப்படுவதில் இதுவும் ஒரு வழி.

காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டார்ச்சில் நானே அளந்தேன்: ஒரு செல்லில் 3.71 வோல்ட், இன்னொன்றில் 0.02. "பாதி சார்ஜ் இருக்குதுன்னுதான் காட்டுச்சு" என்றார் கொண்டு வந்தவர். இரண்டையும் சேர்த்து அளந்தால் அப்படித்தான் காட்டும். தனித்தனியாக அளந்தால்தான் உண்மை தெரியும். 0.02-க்கு வந்த செல்லைச் சார்ஜ் ஏற்றி உயிர் கொடுக்கப் பார்க்காதீர்கள். சில கடைகளில் நல்ல செல்லோடு ஒயர் வைத்து ஒரு தட்டுத் தட்டி எழுப்புவார்கள். எழும். ஆனால் அந்தச் செல்லை யார் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று யோசிக்க வேண்டும். நான் செய்வதில்லை.

அதனால் சீரீஸில் போடுகிற இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியதாக எடுங்கள். வாங்கிய அன்றே நெயில் பாலிஷால் இரண்டின் மேலும் ஒரே நிறப் புள்ளி வையுங்கள். எங்கள் கடையில் சிவப்பு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி என்று வைத்துக் கொடுக்கிறேன். சிவப்பும் சிவப்பும் ஒன்றாகப் போகும், ஒன்றாகச் சார்ஜ் ஏறும், ஒன்று கெட்டால் இரண்டும் சேர்ந்தே ஓய்வு. கெடாத ஒன்றைத் தூக்கிப் போட மனசு வராது, தெரியும். அதை ஒற்றைச் செல் டார்ச்சுக்குப் போடுங்கள். புதுச் செல்லோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

போடும் முன் ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டரில் தனித்தனியாக அளக்க வேண்டும். 4.18, 4.17 என்று வந்தால் சரி. 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி சார்ஜரில் வையுங்கள். முழுதாக ஏற்றி, ஒரு நாள் சும்மா வைத்து, அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஜோடியின் காலம் முடிந்தது.

தராசு வைத்துச் செல் வாங்குவது

9900 எம்ஏஎச் என்று அச்சடித்த செல் ஊரெல்லாம் கிடைக்கிறது. இந்த அளவுச் செல்லில், இன்று கடையில் கிடைக்கும் நல்ல கம்பெனிச் சரக்கிலேயே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதனால் 9900 என்று போட்டிருந்தாலே பொய் என்று தெரிந்துகொள்ளலாம். எண்ணைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்காக நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். பக்கத்துப் பூக்கடை அக்காவிடம் கிராம் கணக்கில் மல்லி நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. அதில் செல்லை வைப்பேன். நல்ல 18650 செல் ஏறத்தாழ 43 முதல் 50 கிராம் வரை நிற்கும். இந்த 9900 செல் ஒன்றை வைத்தபோது 31 கிராம்தான் காட்டியது. எடை சரியாக இருந்தால் செல் நல்லது என்று அர்த்தம் இல்லை, எடை இப்படி நிறையக் குறைந்தால் கட்டாயம் கெட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறுத்து மட்டும் பார்க்காதீர்கள்.

லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லும் வேண்டாம். அவை பேட்டரிக்குள் இருக்கும்போது ஒரு காவல் போர்டு கண்காணித்துக்கொண்டிருக்கும். பிரித்ததும் காவல் இல்லாத செல் ஆகிவிடும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் இதைப் பற்றியே தனியாக எச்சரிக்கை விட்டது: பேட்டரி பேக்கிலிருந்து பிரித்த உதிரி 18650 செல்லை வாங்கவும் வேண்டாம், பயன்படுத்தவும் வேண்டாம் என்று.

காவல் போர்டு உள்ள செல் தனியாகக் கிடைக்கிறது. 65-க்குப் பதில் 69, 70 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், சில டார்ச்சில் நுழையாது. நுழைகிற டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். விலை கூடத்தான்.

உறையும் வாஷரும்

இப்போது அந்த மாமாவின் டார்ச்சுக்கு வருகிறேன். அவர் செல் நல்ல செல், ஜோடியும் சரிதான். கெட்டது ஒரு கடலைத் தோல் அளவு உறை.

செல்லின் பின்பக்கம் மட்டும்தான் மைனஸ் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. உலோக உடம்பு முழுவதும் மைனஸ். மேலே பிளஸ் பொட்டைச் சுற்றி மடித்திருக்கிற விளிம்புகூட மைனஸ்தான். வெளிப்பக்கம் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பேப்பர் வாஷரும், மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையும் மட்டுமே.

டார்ச்சின் குழலும் மைனஸ். பின்மூடிப் பக்கத்துச் செல்லின் உறை கிழிந்து குழலில் பட்டால் மைனஸும் மைனஸும் தொட்டுக்கொள்கின்றன, உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் பல்பு பக்கத்துச் செல்லின் உடம்பு, பின்செல்லின் பிளஸ்ஸோடு ஒட்டியிருக்கிறது. அதன் உறை கிழிந்து குழலில் பட்டால், பின்செல்லின் பிளஸ் குழல் வழியாக ஓடிப் பின்மூடியில் அதே செல்லின் மைனஸைத் தொட்டுவிடும். முழு ஷார்ட். கிழிந்தது முன்செல், வேகிறது பின்செல். பல்புக்கு முன்செல்லின் கரண்ட் மட்டும் போவதால் வெளிச்சம் மங்கல். சுவிட்ச் பின்மூடியில் இருந்ததால் அணைத்து வைத்திருக்கும்வரை பின்செல் சுடவில்லை, போட்டதும் சூடு. "மங்கலாக எரிகிறது, பின்னால் சுடுகிறது" என்று ஒரு டார்ச் வந்தால் இப்போது நான் சுவிட்சைப் போடுவதே இல்லை.

ஆகவே செல்லை வெளிச்சத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நகத்தால் கீறினால் தூக்குகிற கிழிசல், விளிம்பில் உறை சுருங்கி உலோகம் தெரிவது, வாஷர் கிழிந்திருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே குழலுக்குள் போகக்கூடாது. உறை மட்டும் கிழிந்திருந்தால் புது உறை மாட்டலாம். 18650-க்கென்றே வெட்டிய சுருங்கும் உறை கிடைக்கிறது. முதலில் புது வாஷர், மேலே உறை, ஹேர் டிரையர் சூடு காட்டினால் போதும். மெழுகுவர்த்தியோ லைட்டரோ வேண்டாம். செல்லோபேன் டேப் ஒட்டிச் சமாளிப்பதும் வேண்டாம், சூட்டில் பசை இளகி நகர்ந்துவிடும். நசுங்கின செல், துரு ஏறின செல், ஈரம் கசிந்த செல்லுக்கு உறை மாற்றிப் பயனில்லை.

தட்டையான தலை உள்ள செல் சரியாகத் தொடவில்லை என்று நடுவில் காந்தம் வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டார்ச் கீழே விழுந்து ஒரு குலுங்கு குலுங்கினால் காந்தம் நகர்ந்து பிளஸ்ஸுக்கும் விளிம்புக்கும் பாலம் போட்டுவிடும். பொட்டு வைத்த செல்லே கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

செம்புக் குழல் கொண்டு வந்த தம்பி

போன வருடம் துபாயிலிருந்து லீவுக்கு வந்த ஒரு தம்பி, கனமான செம்புக் குழல் ஒன்றை எடுத்து வைத்தான். "அக்கா, இதுக்கு ரெண்டு நல்ல செல் வேணும், ஒண்ணு மேல ஒண்ணு போடணும்." வேப், அதாவது மின்சிகரெட். அதிலும் மெக்கானிக்கல் மாட் என்கிற வகை. உள்ளே போர்டு கிடையாது, சிப் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. செல், குழல், அடியில் ஒரு பட்டன், மேலே ஒரு கம்பிச் சுருள். அவ்வளவுதான். என் விரலைச் சுட்ட ஸ்பிரிங்காவது தளர்ந்து படுத்தது. இதில் பட்டனின் தொடர்பே கெட்டிச் செம்பு, எதுவும் படுக்காது.

அவனுக்குப் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சுருளின் மின்தடை 0.2 ஓம். ஒரு செல் 4.2 வோல்ட். 4.2-ஐ 0.2-ஆல் வகுத்தால் 21 ஆம்பியர். சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 போன்ற நல்ல செல்லே தொடர்ந்து 20 ஆம்பியர்தான் தாங்கும், சாம்சங் 30க்யூ 15. ஒரு செல்லுக்கே எல்லை தாண்டியாயிற்று. அதே சுருளில் இரண்டு செல் அடுக்கினால் 8.4 வோல்ட், 42 ஆம்பியர். அந்த 42-ம் இரண்டு செல் வழியாகவும் முழுதாகப் போகும். சூடு 88 வாட்டிலிருந்து 350 வாட்டுக்கு மேல், நான்கு மடங்கு. பழைய சூடே வேண்டுமென்றால் சுருள் 0.8 ஓமாவது இருக்க வேண்டும். இது தெரியாமல் குழலுக்கு மேல் இன்னொரு குழல் மாட்டி அடுக்குகிறார்கள். சில வகையில் மேல்பாகத்து ஊசி நேராகச் செல்லின் தலையைத் தொடும். அந்த ஊசி கொஞ்சம் உள்ளே போயிருந்தால் சுற்றி இருக்கும் வளையம் பிளஸ்ஸையும் விளிம்பையும் சேர்த்தே தொட்டுவிடும். புகை வெளியேற ஓட்டை இல்லாத குழலாக இருந்தால் அது துப்பாக்கிக் குழல்தான், வாயில் வைத்திருக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். 2018-இல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலும், 2019-இல் டெக்சாஸிலும் வேப் வெடித்துத் துண்டு பாய்ந்தே ஆள் செத்திருக்கிறார்கள்.

செல் கொடுக்கவில்லை. இந்தியாவில் 2019 சட்டப்படி இந்தச் சாதனத்தைச் செய்வது, விற்பது, வெளியிலிருந்து கொண்டு வருவது எல்லாமே தடை என்றும் சொன்னேன். முகம் சுருங்கிப் போனான், ஆனால் அந்தக் கணக்குப் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சட்டம் அனுமதிக்கிற ஊரில் இருந்து இதை வைத்திருக்கிற பிள்ளைகள் யாராவது படித்தால் சொல்கிறேன்: அடுக்காதீர்கள். ஒற்றைச் செல்லாக இருந்தாலும் சுருளின் ஓமை அளக்காமல் பட்டனைத் தொடாதீர்கள். உதிரிச் செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் சட்டைப் பையில் போடாதீர்கள். இந்தக் கடைசி விஷயம் டார்ச்காரர்களுக்கும்தான். பிளாஸ்டிக் செல் டப்பா சின்ன விலைதான்.

சார்ஜ், வெயில்

அடுக்கிய நிலையில் சார்ஜ் ஏற்றக்கூடாது. ஒவ்வொரு செல்லுக்கும் தனிக் குழி உள்ள சார்ஜரில், 1 ஆம்பியர் அல்லது அதற்கும் கீழே வைத்து ஏற்றுங்கள். டார்ச்சிலேயே ஒயர் செருகி ஏற்றுகிற வகையில், இரண்டு செல்லையும் சமப்படுத்துகிற போர்டு உள்ளே இருந்தால் சரி. மலிவான டார்ச்சில் நான் திறந்து பார்த்தவரை இல்லை. சார்ஜரைக் கட்டில் மேல், பூக்கூடை பக்கத்தில், வைக்கோல் பக்கத்தில் வைக்காமல் சிமெண்டுத் தரையில் வையுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.

45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது என்றுதான் பெரும்பாலான செல்லின் விவரத்தாளில் இருக்கும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் மத்தியானம் என்ன சூடு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பூ எடுத்துவிட்டு வந்து, செல் ஆறினதும், பத்து மணிக்குள் ஏற்றி எடுத்துவிடுங்கள். பைக் டேங்க் பையிலும் வைக்காதீர்கள்.

எரியும்போது வெளிச்சம் சட்டென்று மங்கினால் "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று விடாமல் அணைத்துவிடுங்கள். ஒரு செல் முன்னால் படுத்துவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம்.

சுட்டால்

டார்ச் கையில் சுடுகிறது, அல்லது "ஸ்ஸ்" என்று சத்தம், அல்லது பெயின்ட் தின்னர் மாதிரி இனிப்பான வாசனை. இதில் எது வந்தாலும் மூடியைத் திறக்காதீர்கள். நான் செய்தது தப்பு. உள்ளே அழுத்தம் ஏறியிருந்தால் மூடி கழன்று வருவதற்குள் பாய்ந்துவிடும். முடிந்தால் அணைத்து, ஆளில்லாத வெறும் மண்ணில் எறிந்துவிட்டு, குழலின் இரண்டு முனைக்கும் நேரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளிப் போங்கள். புகையை மூச்சில் இழுக்காதீர்கள், அதில் விஷ வாயு இருக்கும். சுற்றிலும் தீப்பிடித்தால் தள்ளி நின்று தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். சத்தம் நின்றாலும் சில மணி நேரம் பக்கத்தில் போகாதீர்கள், இரண்டாவது செல் பிறகு கிளம்பலாம்.

கையில் சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், பேனா மை, மாவு எதுவும் வேண்டாம். முகத்தில், கண்ணில் பட்டாலோ கொப்புளம் பெரிதாக இருந்தாலோ 108-ஐக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஓய்வு கொடுத்த செல்லைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். அங்கே நசுங்கினால் தூய்மைப் பணியாளர் கையில்தான் தீப்பிடிக்கும். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி என்னைப் போலச் செல் விற்கிறவரிடமே கொண்டு வந்து கொடுங்கள். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022 பேட்டரிக் கழிவு விதியில் இருக்கிறது. என் கடையில் வாசலுக்கு வெளியே, மணல் போட்ட பெயின்ட் டப்பா ஒன்று இருக்கும். அதில் போட்டுவிட்டுப் போகலாம், செல் என் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்றில்லை.